அப்பா தட்டிப் பார்ப்பார், அம்மா அள்ளி வைப்பாள்

நாளிதழ்களில் வரும் நினைவஞ்சலி விளம்பரங்களை நான் விடாமல் படிப்பவள். பாசத்தின் உருவமே, பண்பின் சிகரமே, நீங்கள் காட்டிய வழியில் நடக்கிறோம் என்று எழுதியிருப்பார்கள். கீழே மகன், மகள், மருமகன், பேரன் பேத்திகள் பெயர்கள். அந்தச் சொற்களில் பொய் கிடையாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு குடும்பம் தன் துக்கத்தை அடக்க வேண்டியிருக்கிறது. ஆனால் படத்தை மட்டும் மாற்றினால் அதே வாசகம் அடுத்தவருக்கும் பொருந்திவிடும். அதுதான் எனக்கு ஆறவில்லை. போன எல்லோருக்கும் பொருந்துவதை வைத்துக்கொண்டு, போன ஒருத்தியை எப்படி நினைப்பது?

அம்மாவின் முதலாம் ஆண்டு வந்தபோது அண்ணன் போனில் கூப்பிட்டான். "எழுதுறவ நீதானே பாப்பா, ரெண்டு வரி நல்லா எழுதிக் குடு" என்றான். உட்கார்ந்தேன். 'அன்பே உருவான' என்பது வரை வந்தது. அதற்கு மேல் கை நகரவில்லை. அன்பு எங்கள் வீட்டில் எந்த உருவத்தில் இருந்தது என்று யோசித்தபோது தோன்றியது ஒரு மஞ்சள் டால்டா டப்பா. உலையில் போட அளந்த அரிசியைக் களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடியை அம்மா அந்த டப்பாவில் திருப்பிப் போட்டுவிடுவாள். கையை மூடி, மேலே வழிவதைக் கட்டை விரலால் தட்டிவிட்டு, டப்பாவின் வாயருகே கையைக் கொண்டுபோய்த்தான் திறப்பாள். ஒரு மணி வெளியே தெறிக்காது. இதை எழுதி முடித்ததும் அம்மா அடுக்களையில் நிற்பது தெரிந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். விளம்பரத்துக்கு அது உதவவில்லை. அண்ணனே வேறு வாசகம் கொடுத்துவிட்டான். நான் ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன்.

நாங்கள் திருச்சிப் பொன்மலைக்காரர்கள். தென்னிந்திய ரயில்வேயின் ஒர்க்‌ஷாப் நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் பொன்மலைக்கு வந்தது. வண்டி செய்யவும் பழுது பார்க்கவும் ஆட்கள் வேண்டுமே, அவர்களுக்காக வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். அந்த வரிசைகளில் ஒன்றில்தான் நாங்கள் வளர்ந்தோம். அப்பா ஃபிட்டர். அம்மா வீட்டில். இருவரும் இன்று இல்லை. அப்பா போய் ஏழு ஆண்டு கழித்து அம்மா போனாள்.

பொன்மலையில் நேரம் என்பது சங்கு. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் சுற்றுவட்டாரம் முழுக்கக் கேட்கும். அம்மாவுக்குக் கடிகாரம் பார்த்துப் பழக்கமில்லை. முதல் சங்குக்கு அப்பாவின் டிபன் கேரியர் மூடப்பட வேண்டும். மூன்றடுக்குக் கேரியர். கீழே சாதம், நடுவே குழம்பு, மேல் தட்டில் பொரியலும் ஓரமாக ஒரு துண்டு ஊறுகாயும். ஊறுகாய் சாதத்தில் படக்கூடாது என்று வாழையிலைக் கிழிசலில் வைத்து மடிப்பாள். கொக்கியைப் போட்டபின் கேரியரை ஒருமுறை சாய்த்து, குழம்பு கசிகிறதா என்று விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பாள். அந்த விரலை நாக்கில் வைத்து உப்பும் பார்த்துக்கொள்வாள். அடுத்த சங்கு ஊதும்போது அப்பா கேட்டுக்குள் நுழைந்திருப்பார். எதிர்வீட்டிலும் பின்வீட்டிலும் அந்நேரம் கொக்கி போடும் சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வாரத்தில் மற்ற நாள் அவள் அதைக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை.

இப்போது சென்னையில் என் வீட்டில் மூன்று பேர், மூன்று போன், மூன்று அலாரம். என் மகளுடையது கடல் அலை, கணவருடையது கோவில் மணி. ஒருவர் எழுவதற்கும் இன்னொருவர் எழுவதற்கும் தொடர்பில்லை. யாருடைய அடுப்பும் யாருடைய சங்குக்கும் காத்திருக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கிடைக்காத காலை உறக்கம் என் மகளுக்குக் கிடைக்கிறது, கிடைக்கட்டும். ஆனால் அம்மாவின் காலையை மகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் சங்கைச் சொல்ல வேண்டும், சங்குக்காக ஒர்க்‌ஷாப்பைச் சொல்ல வேண்டும், கேரியரைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் சாரி சாரியாகப் போன மனிதர்களையும் சொல்ல வேண்டும். ஒரு ஆளின் பழக்கத்தை எழுத ஆரம்பித்தால் அந்தப் பழக்கம் கால் ஊன்றியிருந்த தரையையும் சேர்த்துத்தான் எழுத முடிகிறது.

அப்பா கை கழுவுவதை எழுத எனக்கு நாலு பக்கம் ஆயிற்று. வேலை முடிந்து வந்ததும் பின்கட்டுக்குப் போவார். அங்கே ஒரு தகரக் குவளையில் மண்ணெண்ணெய் கொஞ்சம் இருக்கும். பஞ்சு வேஸ்ட்டை அதில் தோய்த்து முதலில் முழங்கையிலிருந்து கீழ்நோக்கித் துடைப்பார். பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக. கறுப்பு கரைந்து பழுப்பாகும். அடுத்து லைஃப்பாய். அந்தச் சோப்பு அவருக்கென்று தனி, நாங்கள் தொடக்கூடாது. நகக்கண்ணில் இருக்கும் கிரீஸுக்கு வேப்பங்குச்சி. கடைசியாக அடுப்புச் சாம்பல் கொஞ்சம் எடுத்துத் தேய்த்து, செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவார். எல்லாம் முடிந்து துண்டில் துடைத்தபின் இரண்டு உள்ளங்கையையும் மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பார். மண்ணெண்ணெய் வாசனை மிச்சமிருந்தால் திரும்பவும் சோப்பு. அந்த வாசனை போகாமல் எங்களைத் தொடமாட்டார். நானும் அண்ணனும் வாசற்படியில் காத்திருப்போம். கை நீளும்போது ஓடுவோம்.

அப்பா எங்களை எவ்வளவு நேசித்தார் என்று யாராவது கேட்டால் அந்த முகர்தலைத்தான் சொல்வேன். அவர் எங்களைக் கொஞ்சிய சொல் ஒன்றும் எனக்கு ஞாபகத்தில் இல்லை. அந்தத் தலைமுறை ஆண்கள் அதிகம் கொஞ்சியதும் இல்லை. உள்ளங்கையை முகர்ந்தது மட்டும் அப்படியே கண்முன் நிற்கிறது.

அவருக்கு இன்னொரு பழக்கம், எதையும் தட்டிப் பார்ப்பது. ரயில் நின்றதும் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு ஒருவர் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவதை அந்தக் காலத்தில் ரயிலேறியவர்கள் பார்த்திருப்பார்கள். நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்ததோ இறுக்கம் தளர்ந்ததோ 'தொப்' என்று மழுங்கும். அப்பாவின் காது அந்த வித்தையில் ஊறியது. வீட்டிலும் அது ஓய்வெடுக்கவில்லை. தேங்காயைத் தட்டுவார், அதை எல்லோரும் தட்டுவார்கள். அப்பா பித்தளைக் குடத்தைத் தட்டுவார், கதவு நிலையைத் தட்டுவார், புதிதாக வாங்கிய ஸ்லேட்டைத் தட்டுவார். பொன்மலை ஞாயிற்றுச் சந்தையில் மண்பானை வாங்கப் போனால் நடுவிரல் முட்டியால் வாய், வயிறு, அடி என்று மூன்று இடத்தில் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். சரியில்லாததை ஒன்றும் சொல்லாமல் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். பானைக்காரம்மா அவர் ஒதுக்கியதை எடுத்துத் தானும் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, இதுல கீத்து ஓடியிருக்கு" என்று தனியாக வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பல வருஷம் கழித்து நாங்கள் சென்னையில் ஃபிளாட் வாங்கியபோது அப்பாவைக் கூட்டிவந்து காட்டினோம். பால்கனியைப் பார்க்கவில்லை, காற்று வருகிறதா என்று கேட்கவில்லை. நேராக அடுக்களைக்குள் போய்ச் சுவர் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தார். ஜன்னலுக்குக் கீழே வந்ததும் நின்றார். "இந்த நாலும் பொள்ளலா கேக்குதும்மா. பின்னாடி சிமென்ட் போய்ச் சேரல" என்றார். அடுத்த மழைக்காலத்தில் அந்த நாலும்தான் கழன்றன.

அவருடைய கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் ஒரு மருத்துவர் வந்தார். அப்பாவின் முதுகில் இடது கையைப் பதித்து, வலது கை நடுவிரலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. எனக்கே கேட்டது. அப்பா அவ்வளவு களைப்பிலும் தலையைத் திருப்பி, "அங்கதான் சார், மழுங்குது" என்றார். மருத்துவர் ஆச்சரியத்தோடு "ஆமா சார், அங்கதான் நீர் கோத்திருக்கு" என்றார். இருவரும் ஒரே தொழில் பார்ப்பவர்கள் மாதிரி ஒரு நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்பைத் தட்டி நோய் பார்க்கும் முறையை 1761இல் நூலாக எழுதியவர் லியோபோல்ட் அவுன்ப்ருக்கர் என்ற ஆஸ்திரிய மருத்துவர், அவர் ஒரு சத்திரக்காரரின் மகன், பீப்பாய்களைத் தட்டி உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதைச் சிறுவயதிலேயே கண்டவர் என்பதையெல்லாம் பின்னால் படித்தேன். அப்பாவிடம் சொல்லியிருந்தால் அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்திருப்பார்.

இப்படிப்பட்ட அற்ப விஷயங்களை எழுதி வைக்கலாமா என்று தயங்குபவர்களுக்குத் தமிழில் பெரிய துணை இருக்கிறது. எங்கள் திருச்சியோடு சேர்த்துத் திரிசிரபுரம் மகாவித்துவான் என்றழைக்கப்பட்ட மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் காலமானார். அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டது 1933, 1934ஆம் ஆண்டுகளில். இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அதன் பிறகும் தீராமல், எண்பது வயதைத் தாண்டி ஆனந்த விகடனில் தம் சொந்தச் சரித்திரத்தை எழுத வந்தபோதும் பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியரே வருகிறார். பிள்ளை எத்தனை தலபுராணம் பாடினார் என்பதைத் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் சொல்லிவிடும். மாயூரத்தில் தம் வீட்டுத் தோட்டத்தில் வைத்த மரக்கன்றுகள் தளிர் விட்டிருக்கின்றனவா என்று அவர் காலையில் போய்ப் பார்ப்பார் என்பதை ஐயர் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? ஆசிரியரின் அன்பைப் பெற வேண்டுமென்ற ஏக்கத்தில் பதினாறு பதினேழு வயதில் தாம் அவருக்கு முன்பே எழுந்துபோய்ப் புதுத் தளிர் எங்கே இருக்கிறது என்று தேடி வைத்திருந்து காட்டியதை, கிட்டத்தட்ட எழுபது ஆண்டு கழித்து எழுதுகிறார். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பிள்ளை உயிரோடு தோட்டத்தில் குனிந்து நிற்கிறார்.

பாரதி விஷயமும் அப்படித்தான். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் அவர் எழுதியவை அச்சில் இருக்கின்றன. அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது, அடுப்பில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதை மனைவி செல்லம்மாவும், அங்கே சிறுமியாக அவர்களோடு பழகிய யதுகிரி அம்மாளும் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். இரண்டும் பெண்களின் நினைவு. வீட்டைப் பார்த்தவர்கள் பெண்கள்தானே. மேடையில் நின்றவரைப் பற்றி ஆயிரம் பேர் எழுதலாம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவரைப் பற்றிக் கூட இருந்தவர்தான் எழுத முடியும், அவர் எழுதாவிட்டால் அது அவரோடு போய்விடும்.

மறுபடி டால்டா டப்பாவுக்கு வருகிறேன். அம்மாவின் பிடி அரிசியை நான் வெறும் சிக்கனம் என்றே நினைத்திருந்தேன். பக்கத்து வீடுகளிலும் அந்த வழக்கம் உண்டு, கோவிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்து வைப்பார்கள். அம்மா எதற்கு எடுத்து வைத்தாள் என்று எழுதும்போதுதான் கேள்வி வந்தது. கோவிலுக்கு அவள் தனியாகக் கொடுப்பாள். டப்பா நிறைந்தால் அதைத் துணிப்பையில் மாற்றி, வசம்புத் துண்டு ஒன்றைப் போட்டுக் கட்டி, பரண்மேல் வைப்பாள். அதற்கு முன் அங்கிருக்கும் பழைய பையை இறக்கி அதிலிருக்கும் அரிசியைச் சமையலுக்கு எடுத்துக்கொள்வாள். பரண்மேல் ஒரு பை எப்போதும் இருக்க வேண்டும். இது மட்டும்தான் கணக்கு.

அத்தையிடம் கேட்டேன். அப்பாவின் தங்கை, பொன்மலைப்பட்டியில் இருக்கிறார். "ஏண்டி, எழுவத்தி நாலுக்கு முன்னாடி ஒங்கம்மா பிடி அரிசி எடுத்ததே கிடையாது" என்றார். "ஸ்ட்ரைக்குக்கு அப்புறம்தான்."

1974 மே 8ஆம் தேதி நாடு முழுவதும் ரயில்வே தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். மே 27 வரை நடந்தது. பொன்மலைக்குப் போராட்டம் புதிதல்ல. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்த ஊர் அது. ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே அஞ்சலிக் கூட்டம் நடக்கும், அப்பா கூட்டிப்போவார். எனவே 74இல் ஊரே உள்ளே இறங்கியதில் ஆச்சரியமில்லை. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எனக்கு அந்த மே மாதம் மாம்பழ மாதமாகத்தான் நினைவிருக்கிறது. என்னையும் அண்ணனையும் அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள், கோடை விடுமுறைதானே என்று நாங்கள் ஆடித் திரிந்தோம்.

அத்தை சொன்னார்: "ஒங்கப்பா எங்க இருந்தாருன்னு எங்களுக்கே தெரியாது. ராத்திரியில யாராவது வந்து 'நல்லா இருக்காரு'ன்னு சொல்லிட்டுப் போவாங்க. அந்த மாசம் சம்பளம் இல்ல. மளிகைக் கடைக்காரர் நோட்டை மூடிட்டாரு. அவரையும் சொல்லிக் குத்தமில்ல, தெருவே கடன்ல இருந்தா அவரு எங்க போவாரு? ஒங்கள எங்கிட்ட விட்டுட்டு ஒங்கம்மா தனியா அந்த வீட்ல இருந்தா. பூட்டிக்கிட்டு வந்துடுன்னேன். வீட்டை விட்டுட்டு வந்தா திரும்பப் போக முடியாம ஆயிடுமோன்னு பயம் அவளுக்கு. ஒருநாள் நான் போய்ப் பாத்தப்போ அரிசி ட்ரம்முக்குள்ள தலைய விட்டுக்கிட்டு அடியைக் கையால கூட்டிக்கிட்டிருந்தா. ரெண்டு கையும் சேத்து வெளிய எடுத்தா ஒரு பிடி. ஒரே ஒரு பிடி. அதைக் கஞ்சியா வச்சா. எனக்கும் ஒரு டம்ளர் குடுத்தா, பாத்துக்க."

சம்பளம் வந்த முதல் நாளே அந்த டப்பாவைக் கழுவிக் காயவைத்தாளாம்.

அதன்பிறகு நாற்பத்தைந்து ஆண்டு. இடையில் அப்பா பதவி உயர்ந்தார், ஓய்வு பெற்றார், பென்ஷன் வந்தது. அண்ணன் வேலைக்குப் போனான், நான் போனேன். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசியே விலையில்லாமல் கிடைத்தது. அம்மா பிடி அரிசியை நிறுத்தவில்லை. நான் கேட்டிருக்கிறேன், "எதுக்கும்மா இன்னும்?" என்று. "இருக்கட்டும்டி" என்பதற்கு மேல் பதில் வந்ததில்லை. ஸ்ட்ரைக்கைப் பற்றி அப்பா எங்களிடம் நிறையப் பேசுவார். தலைவர்கள் பெயர், கூட்டங்கள், யார் உறுதியாக நின்றார், யார் நிற்கவில்லை என்பதெல்லாம் சொல்வார். அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுடைய ஸ்ட்ரைக் அந்த டப்பாவில் இருந்தது. தினம் இரண்டு வேளை எங்கள் கண்முன்னால் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவள் இறந்தபோது பரண்மேல் ஒரு பை இருந்தது. பதினாறாம் நாள் சமையலில் அந்த அரிசியைச் சேர்த்துப் பொங்கினோம்.

என் அடுக்களையில் அரிசி பத்துக் கிலோப் பையில், போனில் சொன்னால் வாசலுக்கு வருகிறது. மின்சாரக் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப்பில் அளக்கிறோம். அம்மாவிடம் ஆழாக்கும் உழக்கும் படியும் இருந்தன. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. ஆளுக்கு ஒரு ஆழாக்கு என்பது அவள் கணக்கு. விருந்தாளி வந்தால் அவருக்கு ஒரு ஆழாக்கு சேரும், தனக்கு உரியது குறையும். இதை அத்தை சொல்லவில்லை, நானே பார்த்தது.

ஆமாம், எல்லாப் பழக்கமும் நெஞ்சுக்கு இதமானதாக இருக்காது. அம்மா கடைசியில் சாப்பிடுவாள். தட்டு எடுத்துக்கொள்ள மாட்டாள். சோற்றுப் பானையிலேயே ரசத்தை ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிப் பிசைந்து, மேடையில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டு முடிப்பாள். பிறகு அந்தப் பானையை உடனே தேய்த்துவிடலாம், ஒரு தட்டு மிச்சம். அப்பா, அந்த நல்ல மனிதர், எங்களைத் தொடும் முன் தன் கையை முகர்ந்து பார்த்தவர், மனைவி என்ன சாப்பிட்டாள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்தவரில்லை. கோபம் வந்தால் நாள்கணக்கில் அவளோடு பேச மாட்டார். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அம்மா என்னிடம் சொல்வாள், அவர் அடுத்த அறையில்தான் இருப்பார். இதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். அண்ணன் படித்துவிட்டு, "இதெல்லாம் வேணுமா பாப்பா?" என்றான். வேண்டும். கைகளை முகர்ந்த அப்பாவை மட்டும் வைத்துக்கொண்டு பேசாத அப்பாவை நீக்கிவிட்டால் கிடைப்பவர் எங்கள் அப்பா அல்ல. நின்றபடி சாப்பிட்ட அம்மாவை நீக்கிவிட்டால் அவளுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்ததும் நீங்கிவிடும்.

ஒன்று கவனித்தேன். அம்மாவும் அப்பாவும் இளமையில் எடுத்துக்கொண்ட படம் ஒன்றே ஒன்று. ஸ்டுடியோவில், திரைச்சீலைக்கு முன்னால், அப்பா நாற்காலியில், அம்மா நின்றுகொண்டு. கடைசி ஐந்தாறு வருஷத்தில் அம்மாவை நாங்கள் போனில் எடுத்த படத்துக்கும் வீடியோவுக்கும் அளவே இல்லை. பிறந்த நாள் கேக், பேத்தியோடு, கோவில் வாசலில். எல்லாவற்றிலும் அவள் போனைப் பார்த்து, நாங்கள் சொன்னபடி சிரிக்கிறாள். அரிசி அள்ளும் கை ஒன்றில்கூட இல்லை. கேரியரைச் சாய்த்துத் தடவும் விரல் இல்லை. படம் எடுக்கிறோம் என்றதும் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். நாங்கள் எடுத்ததெல்லாம் அவள் நிறுத்திய பிறகு உள்ள அம்மாவை. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எழுதும்போது குணத்தை விட்டுவிட்டு வேலையைப் பிடித்துக்கொள்கிறேன். 'பொறுமைசாலி' என்று எழுதினால் அம்மா மறைந்துபோகிறாள். தோசை மாவுப் பாத்திரத்தை வழித்தபின் அதில் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் கலக்கி, அந்தத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றினாள் என்று எழுதினால் வந்துவிடுகிறாள். நாளின் ஒரு பொழுதை எடுத்துக்கொள்வேன், சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கே நின்றார்கள், கையில் என்ன இருந்தது, அதை எங்கே வைத்தார்கள் என்று வரிசையாக எழுதுவேன். எழுதியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டுவேன். பாதிக்குப் பாதி அவன் மறுப்பான். அப்பா வேப்பங்குச்சியால் நகம் சுத்தம் செய்ததாக நான் எழுதியதை, "இல்ல, தேய்ஞ்ச ஹாக்ஸா பிளேடு" என்றான். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. குச்சி அண்ணன் வேலைக்குப் போன பிறகு வந்ததாக இருக்கலாம், பிளேடு நான் பிறப்பதற்கு முன்பே இருந்ததாக இருக்கலாம். இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்றும் பக்கத்தில் குறித்துவிட்டேன். அந்த வாதத்தில் இரண்டு மணி நேரம் போயிற்று. அம்மா போனபிறகு நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

மகளுக்கும் கொஞ்சம் படித்துக் காட்டினேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அம்மாச்சிக்கு என்ன பாட்டு பிடிக்கும்?" எனக்குத் தெரியவில்லை. ரேடியோ அப்பா பக்கத்தில் இருந்தது, அவர்தான் திருப்புவார். அம்மா அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். எந்தப் பாட்டுக்கு அடுக்களையில் சத்தம் குறைந்தது என்று யாராவது கவனித்திருந்தால்தான் உண்டு. கவனித்திருக்கக் கூடியவர் ஒருவர்தான், அத்தை. கல்யாணத்துக்கு முன் அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார், அம்மாவோடு அந்த அடுக்களையில்.

அத்தைக்கு வரும் தையில் எண்பத்திரண்டு. காது சற்று மந்தம், நினைவு தெளிவு. அடுத்த வாரம் பொன்மலைப்பட்டிக்குப் போகிறேன். கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்திருக்கிறேன். பாட்டு முதலில். ஸ்ட்ரைக் முடிந்து அப்பா வீடு வந்த அன்று அம்மா என்ன சமைத்தாள்? அரைத்த மாவில் வெந்தயம் போடுவதை யாரிடம் கற்றாள்? அந்த டால்டா டப்பா யார் வீட்டிலிருந்து வந்தது? எங்கள் வீட்டில் டால்டா வாங்கியதாக எனக்கு நினைவில்லை. போனில் பட்டியலைச் சொன்னபோது அத்தை, "எல்லாம் அண்ணியப் பத்தியேதானா? என்னப் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டியாடி?" என்றார். கேட்கப்போகிறேன். அவர் வெற்றிலையைத் துடைக்கும்போது காம்பைக் கிள்ளித் தலைக்குப் பின்னால் எறிவார். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.